மழைக்குள் அடைபட்ட வைரவனுக்குப் பணியாரச் சட்டி வைத்தியம்

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். கண்டனூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் நானும் ஒரு நாயும் மட்டும் இருக்கிறோம். லாப்ரடார், ஆண், இரண்டரை வயது. மகன் வாங்கி வந்து ‘ரூஃபஸ்’ என்று பேர் வைத்தான். என் வாயில் அது நுழையவில்லை, வைரவா என்றுதான் கூப்பிடுகிறேன். மகன் இருந்தவரை விடியக்காலையில் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப் போய் ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கொண்டுவருவான். ஆவணியில் அவன் கனடா போய்விட்டான். எனக்கு வயது 68, இரண்டு முழங்காலிலும் வலி. ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை வேறு. நாய் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. பிரம்பு நாற்காலியைப் பிய்த்துவிட்டது. கொடியில் போட்டிருந்த கண்டாங்கிச் சேலையை இழுத்து, முற்றத்தைச் சுற்றியிருக்கும் வளவு முழுக்கப் புரட்டியது. இடி இடித்தால் நிலைக்கதவைப் பிறாண்டுகிறது, அந்தக் காலத்துப் பர்மாத் தேக்கு, மனசு பதறுகிறது. சாயங்காலம் மகன் போனில் பேசினால் அதன் பிறகு ஒரு மணி நேரம் ஊளை. தரையில் ஓடிச் சறுக்கி விழுகிறது. அங்கே பனிக்காலத்தில் நாய்களுக்கு வீட்டுக்குள்ளேயே விளையாட்டுக் காட்டுகிறார்கள் என்று மகன் வீடியோ அனுப்புகிறான், ஒரு பொம்மையும் வாங்கி அனுப்பினான். இரண்டு நாளில் அது துண்டு துண்டாகிவிட்டது. இந்த மழை முடியும்வரை இவனுக்கு எப்படிப் பொழுது போக்குவது? யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்:

ஆச்சி, உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு யாரிடமும் கொடுக்க வேண்டாம். தை பிறக்கட்டும். அப்போதும் முடியவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். ஐப்பசி வந்தால் இந்தப் பக்கத்திலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி உங்கள் கேள்விதான். வருஷத்தில் முக்கால்வாசி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் நம்முடையது. மழை வந்தால் நமக்குக் கொண்டாட்டம், வீட்டு நாய்க்குச் சிறை.

உங்கள் வைரவனைப் பற்றி ஒரு விஷயம். இந்த இனத்தின் பூர்வீகம் கனடாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவு. உங்கள் மகன் அங்கே போனார், அந்த நாட்டுக்காரன் இங்கே உங்களோடு இருக்கிறான், ஆள் மாற்றிக்கொண்ட கதைதான். அங்கே மீனவர்களோடு படகில் போய், நழுவிய மீனைக் கவ்விக் கொடுப்பது, வலைக்கயிற்றைக் கரைக்கு இழுத்து வருவது என்று உறையும் தண்ணீரில் வேலை பார்த்த நாய்களின் வம்சம் இது. பிறகு இங்கிலாந்துக்குப் போய், சுட்டு விழுந்த பறவையைப் புதருக்குள் மோப்பம் பிடித்துத் தேடி எடுத்து வரும் வேலைக்குப் பழக்கினார்கள். ரோமம் இரண்டு அடுக்கு, தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது. விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பதுபோல ஜவ்வு. ஆகவே மழை அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. மழைக்குப் பயந்து உள்ளே இருப்பது நீங்களும் நானும்தான்.

அவனிடம் இல்லாமல் போனது வேலை. மகன் ஒரு மணி நேரம் ஓடவிட்டது நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தினமும் ஓடி ஓடி, இன்னும் அதிகமாக ஓடினால்தான் அடங்கும் உடம்பாக அது ஆகிவிட்டது. அந்த ஓட்டத்தை உங்கள் முழங்காலை வைத்து ஈடுகட்ட முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள். ஓட்டத்துக்குப் பதில் மூக்கைப் பிடிப்போம். மோப்பத்தை உணரும் செல்கள் நமக்கு 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல். கால் மணி நேரம் மூக்கை வைத்து உண்மையாகத் தேடிய நாய், சோற்றுக்குப் பிறகு நாம் கண் அசருகிற மாதிரி தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். செய்து பார்த்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. நாற்காலியைப் பிய்த்தது, சேலையை இழுத்தது, கதவைப் பிறாண்டியது, ஊளையிட்டது என்று நாலையும் ஒரே மூட்டையில் கட்டி எழுதியிருக்கிறீர்கள். நாலும் ஒன்றில்லை. நாற்காலியும் சேலையும் சலிப்பு, அதற்கு மருந்து மூக்கு வேலை. கதவு பயம். ஊளைக்குக் காரணம் வேறு, அதற்குத் தனியாக வருகிறேன்.

முதலில் மூக்கு.

அவன் சாப்பாட்டைக் கிண்ணத்தில் வைப்பதை நாளையிலிருந்து நிறுத்துங்கள். பட்டினி போடச் சொல்லவில்லை, அதே சாப்பாட்டை அவன் சம்பாதித்துச் சாப்பிடட்டும். முதல் இரண்டு மூன்று நாள் சுலபமாக இருக்க வேண்டும். அவனை உட்காரவைத்து, அவன் கண் முன்னாலேயே வளவுத் தூண்களுக்குப் பக்கத்தில் நாலைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனியை வைத்துவிட்டு, “தேடு” என்று ஒரே ஒரு சொல் சொல்லுங்கள். பார்த்துக்கொண்டிருந்ததால் நேராகப் போய்த் தின்றுவிடுவான். இது என்ன விளையாட்டு என்று உங்களுக்கே தோன்றும். பரவாயில்லை. “தேடு” என்றால் எங்கோ சாப்பாடு இருக்கிறது என்று அவன் தெரிந்துகொள்கிறான், அந்தப் பாடம் நடக்கிறது. நாலாம் நாள் அவனை முகப்பில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, பார்க்காதபோது வையுங்கள். அப்புறம் பாருங்கள், மூக்கு தரையோடு தரையாகப் போகும், வால் வேறு மாதிரி ஆடும்.

இந்த விளையாட்டுக்கென்றே கட்டியதுபோல ஒரு வீட்டில் இருக்கிறீர்கள் ஆச்சி. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் வீடு, சுற்றிலும் பத்தி, எத்தனை தூண், எத்தனை மாடம்! சென்னையில் அடுக்குமாடியில் நாய் வைத்திருப்பவர்கள் சோபாவுக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் மாறி மாறி ஒளித்துவைத்து, மூன்றாம் நாளே நாய்க்கு எல்லா இடமும் மனப்பாடமாகிவிட்டது என்று புலம்புகிறார்கள். உங்களுக்கு அந்தக் கவலையே வராது. ஒரு நாள் வளவு மட்டும், மறுநாள் இரண்டாம் கட்டு, அதற்கடுத்த நாள் இரண்டும். கொஞ்சம் பழகியபின் ஸ்டூல் உயரத்திலும் ஒன்றிரண்டு வையுங்கள். முற்றத்துக் காற்று வாசனையை இழுத்துக்கொண்டு சுற்றும், தரையில் இல்லாததைக் காற்றில் பிடிக்க அவன் தலையைத் தூக்குவான். அங்கேதான் அவன் களைப்பான். குனிந்து வைக்க உங்கள் முழங்கால் இடம் கொடுக்காது என்பதால், வேலைக்கு வரும் பெண் காலையில் கூட்டி முடித்ததும் அவரையே வைக்கச் சொல்லுங்கள். நாய்க்குப் பயப்படுகிறவராக இருந்தால் இன்னும் நல்லது, ‘சாப்பாடு தரும் ஆள்’ என்று அவனும் அவரிடம் மரியாதையாக நடப்பான், அவருக்கும் பயம் தெளியும். எங்கே எத்தனை வைத்தோம் என்ற கணக்கு மட்டும் இருக்கட்டும், இல்லாவிட்டால் மிச்சத்தை எறும்பு கண்டுபிடித்துச் சொல்லும்.

சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பணியாரச் சட்டி. ஆமாம், குழிப்பணியாரம் ஊற்றுவோமே, அதேதான். அடுப்படியில் எங்காவது பழைய இரும்புச் சட்டி ஒன்று ஓரமாகக் கிடக்கும். ஏழு குழியானாலும் பன்னிரண்டானாலும் சரி. அவனுடைய சோற்றையோ கடைத் தீனியையோ குழிகளில் பிரித்துப் போட்டு, குழிக்கு மேல் ஆளுக்கொரு பழைய டென்னிஸ் பந்தை உட்காரவையுங்கள். மூக்கால் பந்தைத் தள்ளினால்தான் சோறு. சில குழியை வெறுமனே விட்டு, பந்தை மட்டும் வைத்தால் வேலை இன்னும் கடினம். தயிரைக் குழிகளில் தடவி ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தும் கொடுக்கலாம், உப்போ சர்க்கரையோ கூடாது. நக்கி நக்கிச் சாப்பிடுவது நாயை அமைதிப்படுத்தும், மழை அடித்துப் பெய்யும் சாயங்காலத்துக்குத் தோதான தீனி. அந்த இரும்புக் கனத்துக்குச் சட்டியை அவனால் இழுத்துக்கொண்டு ஓட முடியாது. நான்ஸ்டிக் சட்டி வேண்டாம், பல் பட்டுப் பூச்சு உரிந்துவிடும். முடிந்ததும் பந்துகளை எண்ணி எடுத்துவைத்துவிடுங்கள், விட்டால் உரித்துத் தின்பான்.

பல்லாங்குழிப் பலகை இதற்கு ஆகாதா என்று கேட்பீர்கள். பதினாலு குழி, கணக்குக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மரம், சோறு தீர்ந்ததும் பலகையைத் தின்ன ஆரம்பிப்பான். தாய் வீட்டிலிருந்து வந்த பலகையாக இருந்தால் அப்புறம் என்னைத் திட்டுவீர்கள். அதேபோலப் பனையோலைக் கொட்டானில் தீனியை மறைத்துக் கொடுக்கும் யோசனையும் எனக்கே வந்தது, எங்கள் வீட்டில் செய்தும் பார்த்தேன். என் நாய் கொட்டானைத் திறக்கவில்லை, கொட்டானோடு சேர்த்து விழுங்கியது. இரண்டு நாள் ஓலை கீற்றுக் கீற்றாக வெளியே வந்தது. மருத்துவன் வீட்டு நாய் என்பதால் தப்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பழைய துண்டு ஒன்று போதும். விரித்துத் தீனியைத் தூவி, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டிக் கொடுங்கள், மூக்கால் உருட்டித் திறக்கட்டும். சுலபமாகிவிட்டால் ஒரு முடிச்சுப் போடுங்கள். மகன் அனுப்பிய பொம்மை உடைந்ததில் உங்கள் தப்பு எதுவும் இல்லை, அதோடு வைரவன் தனியாக இருந்ததுதான் காரணமாக இருக்கும். இந்த விளையாட்டுகள் எதுவுமே நீங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போதுதான்.

இங்கே லாப்ரடாருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இந்த இனத்துக்கு வயிறு நிறைந்தது என்ற சேதி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. சும்மா சொல்லவில்லை. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார், சுமார் நாலில் ஒரு லாப்ரடாருக்குப் பசியை அடக்கும் ஒரு மரபணுவில் ஒரு துண்டு இல்லாமல் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட நாய் எவ்வளவு தின்றாலும் இன்னும் வேண்டும் என்று உங்கள் முகத்தையே பார்க்கும். அந்தப் பார்வைக்கு உருகாத ஆச்சி நம் ஊரில் கிடையாது. ஆகவே விளையாட்டுத் தீனி எல்லாம் அன்றாடச் சாப்பாட்டிலிருந்து எடுத்ததாகவே இருக்கட்டும். கூடுதலாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கேரட், வெள்ளரிக்காய், உப்புப் போடாமல் வேகவைத்த கோழித் துண்டு, அதுவும் ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். உங்கள் புறங்கையைத் தடவிப் பாருங்கள், லேசாக எலும்பு தட்டும். அவன் விலாவைத் தடவினாலும் அதே அளவுக்குத் தட்ட வேண்டும். தட்டவில்லை, மெத்தை மாதிரி இருக்கிறது என்றால் அளவைக் குறையுங்கள்.

நம் அடுப்படியிலிருந்து அவனுக்கு ஆகாதவை: வெங்காயம், பூண்டு, அவை விழுந்த எந்தக் குழம்பும். பாயசத்தில் போடும் கிஸ்மிஸ் பழம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், நாலைந்துகூட வேண்டாம். சாக்லேட் கூடாது. வெந்த எலும்பு, அது ஆடானாலும் கோழியானாலும், கூர்கூராக உடைந்து குடலைக் குத்தும். உப்புக்கண்டத்துக்கு அவன் உயிரை விடுவான், உப்பு அதிகம், கண்ணில் காட்டாதீர்கள். இன்னொன்று, உங்கள் முழங்கால் வலி மாத்திரை. மனிதர் தின்னும் வலி மாத்திரைகளில் பல நாய்க்கு விஷம். கட்டில் ஓரத்தில் அட்டையோடு வைத்துவிட்டுத் தூங்கிப்போகாதீர்கள், சலிப்பில் இருக்கும் நாய்க்கு அந்த அட்டையும் ஒரு பொம்மைதான்.

தரை. அவன் சறுக்கி விழுவதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் கவலை தந்த வரி அதுதான். ஆத்தங்குடிக் கல் கண்ணாடிமேல் வார்த்து எடுப்பது, அந்த வழவழப்பும் பளபளப்பும் அதிலிருந்து வருகிறது. நமக்குக் காலுக்கு ஜில்லென்று சுகம். 30 கிலோ நாய் அதில் ஓடித் திரும்பினால் பின்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கம் விரியும். லாப்ரடாருக்குப் பிறவியிலேயே இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம், தினமும் சறுக்கினால் சின்ன வயதிலேயே நொண்ட ஆரம்பிக்கலாம். நாயை விடுங்கள், அந்த வேகத்தில் உங்கள்மேல் வந்து மோதினால்? கோணிப்பையை விரித்தால் அதுவும் சேர்ந்து சறுக்கும், கோரைப்பாயும் அப்படியே. அடியில் ரப்பர் பிடிப்புள்ள நீள மிதியடிகளைக் காரைக்குடியில் வாங்கி, அவன் வழக்கமாக ஓடும் பாதையில் மட்டும் போடுங்கள். கல்லுக்கு மெருகு வரட்டும் என்று தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்கும் வழக்கம் இருந்தால் தை வரை நிறுத்திவையுங்கள். நகம் தரையில் டக் டக்கென்று கேட்டால் வெட்ட வேண்டிய நேரம் என்று அர்த்தம். பாத மெத்தைகளுக்கு நடுவே வளர்ந்திருக்கும் ரோமத்தையும் கத்தரிக்கச் சொல்லுங்கள். பந்தை எறிந்து எடுத்துவரச் சொல்லும் விளையாட்டு வீட்டுக்குள் அறவே வேண்டாம்.

இனி இடி. கதவைப் பிறாண்டும்போது அவன் மூச்சிரைக்கிறானா, எச்சில் வழிகிறதா, உடம்பு நடுங்குகிறதா என்று ஒருமுறை கவனியுங்கள். அப்படியென்றால் அது பயம், அதட்டினால் கூடும். மின்னல் தொடங்கியதுமே வளவை ஒட்டிய உள்ளறை ஒன்றில் அவன் படுக்கையைப் போட்டு, கதவைத் திறந்தே வைத்து, ரேடியோவையோ டிவியையோ கொஞ்சம் சத்தமாக ஓடவிடுங்கள். பழைய வீட்டுக் கனத்த சுவர் பாதிச் சத்தத்தைத் தின்றுவிடும். அவன் உங்கள் காலடியில் வந்து ஒண்டினால் தடவிக் கொடுக்கலாம். ‘தடவினால் பயம் வளரும்’ என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். இவ்வளவு செய்தும் கதவை உடைக்கப் பார்த்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், அதற்கு மாத்திரை இருக்கிறது, அளவு பார்த்துத்தான் தர முடியும். தீபாவளி முடிந்தது என்று நினைக்காதீர்கள், கார்த்திகைக்கும் வெடிப்பார்கள்.

கார்த்திகை என்றதும் ஞாபகம் வருகிறது. முற்றத்தைச் சுற்றித் தரையில் வரிசையாக அகல் ஏற்றுவீர்கள். லாப்ரடாரின் வால் சரியாக அந்த உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆடும் சவுக்கு. ஒரு ஆட்டு ஆட்டினால் எண்ணெயோடு விளக்கு பறக்கும். அன்றைக்கு மட்டும் அவன் உள்ளறையில் பணியாரச் சட்டியோடு இருக்கட்டும். அதிலிருந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு, இனிப்பு மாவில் திரியை வைத்து ஏற்றி வாயில் போட்டுக்கொள்வோமே, அந்த இழை எடுத்துக்கொள்ளும்போது கையில் எரியும் திரி இருக்கும், மாவின் இனிப்பு வாசனை வேறு. பங்காளிகள் வீட்டுக் குழந்தைகள் எல்லாம் கூடும் நேரத்தில் இவன் அந்தக் கையைத் தாவினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளியே கூட்டிப் போகவே வேண்டாமா? வேண்டும். மழை விட்ட இடைவெளியில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பத்துப் பதினைந்து நிமிஷம். ஓட்டம் கிடையாது, நடைகூட முக்கியமில்லை. வீதியில் அவன் எங்கே மோந்து பார்க்க நிற்கிறானோ அங்கே நிற்க வேண்டியதுதான். ஒரு விளக்குக் கம்பத்தில் மூன்று நிமிஷம் நின்றாலும் இழுக்காதீர்கள், அவன் அன்றைய பேப்பர் படிக்கிறான். 30 கிலோவை நீங்கள் பிடிக்க வேண்டாம், அந்த முழங்காலோடு அது ஆபத்து. தெருவில் காலேஜ் படிக்கும் பையன் யாராவது இருப்பான், மாதம் ஏதாவது கொடுத்துப் பேசிவிடுங்கள். அவனிடமும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: தேங்கிய தண்ணீரில் நாய் இறங்கவோ குடிக்கவோ கூடாது. எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சள் என்று வந்து கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சாய்த்துவிடும், நாயின் மூத்திரத்திலிருந்து உங்களுக்கும் தொற்றும். இதற்குத் தடுப்பூசி உண்டு, வருஷத்துக்கு ஒரு முறை போட வேண்டும். மகன் போன குழப்பத்தில் இந்த வருஷ ஊசி விட்டுப்போயிருந்தால் ஆச்சரியமில்லை.

திரும்பி வந்ததும் பாதத்தை விரல் இடுக்கு வரை துடைத்துக் காயவிடுங்கள், காது மடலைத் தூக்கி உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். தொங்கும் காதுக்குள் மழைக்கால ஈரம் நின்றால் பூஞ்சை வந்து நாறும், அப்புறம் தலையை உதறிக்கொண்டே இருப்பான். உண்ணியையும் பாருங்கள், காதுக்குள், கழுத்துப்பட்டைக்குக் கீழே, விரல் நடுவில். நாயிடமிருந்து உதிரும் உண்ணி சுவரில் ஏறி உத்தரத்து இடுக்கில் போய் முட்டையிடும். உங்கள் வீட்டில் இடுக்குக்கா பஞ்சம்?

நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. காலையில் காபிக்குப் பிறகு ஐந்து நிமிஷம், சாயங்காலம் ஐந்து நிமிஷம் பாடம். “உட்கார்”, “படு”, “இரு”, அப்புறம் “பாய்க்குப் போ”. அவனுக்கென்று ஒரு பாயோ விரிப்போ ஒரே இடத்தில் கிடக்க வேண்டும், அதில் போய்ப் படுத்தால் ஒரு துண்டு கேரட். ஒரு வாரத்தில் படித்துவிடுவான், இந்த இனத்துக்கு அந்தப் புத்தி உண்டு. மணி அடித்து யாராவது வந்தால் “பாய்க்குப் போ” என்ற ஒரு சொல் உங்கள் முழங்காலைக் காப்பாற்றும். மகன் இங்கிலீஷில் ‘சிட்’ என்றும் நீங்கள் ‘உட்கார்’ என்றும் சொன்னால் குழம்புவானோ என்று நினைக்க வேண்டாம், இரண்டையும் கற்றுக்கொள்வான். பேரும் அப்படித்தான். வைரவா என்றே கூப்பிடுங்கள். வைரவன்பட்டி கோயில் பக்கத்து ஊர்க்காரர்கள் நாம், நாய்க்கு இதைவிடப் பொருத்தமான பேர் எங்கே கிடைக்கும்? திட்டும்போது மட்டும் அந்தப் பேரைச் சொல்லாதீர்கள். பேரைக் கேட்டால் ஓடி வர வேண்டும், ஓடி ஒளியக்கூடாது.

ஒரு நாளில் இவ்வளவுதான்: காலையில் தேடல், ஐந்து நிமிஷப் பாடம், மழை விட்டால் மோப்ப நடை, சாயங்காலம் சட்டி. மற்ற நேரமெல்லாம் அவன் தூங்கட்டும். வளர்ந்த நாய் நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் தூங்கும், அது சோகமும் இல்லை, சோம்பலும் இல்லை. மத்தியானம் சுருண்டு படுத்திருப்பவனைப் பார்த்து ஐயோ பாவம் என்று எழுப்பி விளையாட்டுக் காட்டப் போகாதீர்கள்.

இப்போது அந்த ஊளை. இதை எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். சாயங்காலம் மகன் போனில் பேசும்போது ஸ்பீக்கரில் போட்டு, “பார்டா, யார் பேசறாங்கன்னு” என்று போனை அவன் முகத்துக்கு நேரே காட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான். மகனுக்கு அது ஆசை, உங்களுக்கும். ஆனால் நாய்க்குக் குரல் வருகிறது, வாசனை வரவில்லை. ஆள் வீட்டில்தான் எங்கோ இருக்கிறார் என்று முகப்புக்கும் வளவுக்கும் ஓடித் தேடுகிறான், கிடைக்கவில்லை, ஊளையிடுகிறான். நீங்கள் சொல்லிக்கொடுக்காமலே அவன் ஆடும் தேடல் விளையாட்டு அது, அதில் முடிவில் தீனி இல்லை. ஒரு மாதத்துக்கு மகன் பேசும்போது இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள், அந்த நேரத்துக்கு அவன் முன்னால் பணியாரச் சட்டியை வைத்துவிடுங்கள். மகனிடமும் காரணத்தைச் சொல்லுங்கள், வருத்தப்படமாட்டார். அவன் தேடும் அழகை வீடியோ எடுத்து அனுப்புங்கள், அந்த ஊர்ப் பனியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

தைக்குப் பிறகும் முடியவில்லை என்றால் என்ன வழி என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? தெரிந்தவர்களில் தோட்டமும் ஆளும் உள்ள குடும்பமாகப் பார்த்து, முதலில் ஒரு வாரம் விட்டுப் பார்த்து, அவனும் அவர்களும் ஒத்துப்போனால் மட்டும் கொடுக்கலாம். ‘காவலுக்கு நாய் வேண்டும்’ என்று கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். சங்கிலியில் கட்டிப்போடுவார்கள். திருடன் வந்தாலும் இவன் வாலை ஆட்டுவான், பிறகு அதற்கும் அடி வாங்குவான்.

அடுத்த மழை விட்ட நாளில் ஒரு வண்டி வைத்து அவனை இங்கே கொண்டுவாருங்கள். ஊசிப் புத்தகத்தையும் எடுத்துவாருங்கள், எடையும் போட்டுவிடலாம், இடுப்பையும் பார்த்துவிடுகிறேன். பொங்கல் நெருங்கினால் மஞ்சுவிரட்டு மாடுகளுக்குச் சான்று கொடுக்க ஊர் ஊராக ஓடிக்கொண்டிருப்பேன், என்னைப் பிடிக்க முடியாது. மார்கழிக்கு முன்னால் வாருங்கள்.